நான்காம் பக்கத்தின் ஓரம்

டொரான்டோ
9 அக்டோபர் 1981, வெள்ளி இரவு

லுபேலியா அக்கா,

இது ஒடீலியா. இரண்டு வருடமாக உனக்கு ஒரு வரிகூட எழுதாதவள். உனக்கு எழுதக் கூடாது என்று அப்பா சொன்னதும், நான் சரி என்று தலையாட்டியதும் உனக்குத் தெரியும். நீ அப்போது பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாய். தயவுசெய்து இத்தோடு கிழித்துப் போட்டுவிடாதே. மிச்சத்தையும் படி.

அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள். அதே வேலைதான், நகரத்து வங்கிக் கட்டடத்தில் பதினெட்டாம் மாடியிலிருந்து இருபத்திரண்டு வரை கூட்டித் துடைப்பது. இரண்டு மணிக்குத்தான் வருவாள். அப்பா ஏப்ரலிலிருந்து வடக்கே ரயில் பாதை வேலையில் இருக்கிறார். போர்வைக்குள் டார்ச் விளக்கு வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வீட்டில் யாருமே இல்லாதபோது எதற்குப் போர்வை என்று கேட்பாய். பயமாக இருக்கிறது, அதனால்தான்.

அக்கா, நான் நம் வீட்டைக் கெடுத்துவிட்டேன்.

நீ போன பிறகு ஆங்கிலக் கடிதம் எது வந்தாலும் நான்தான் படித்துச் சொல்கிறேன். மின்சாரக் கட்டணம், பள்ளிக்கூடம், நகராட்சி, எல்லாமே. செப்டம்பர் பதினொன்றாம் தேதி வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அன்றைக்குப் பள்ளியில் ஸ்கேட்டிங். என் வகுப்பு ஜுல்மீரா வெளியே நின்று விசிலடித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே, "என்னடி எழுதியிருக்கான்?" என்றாள். நான் முதல் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, வருஷா வருஷம் வர்றதுதான்" என்றேன். அவள் அதை மடித்து டிராயரில் வைத்தாள். நான் ஸ்கேட்டிங் போனேன். இரண்டு முறை விழுந்தேன்.

இன்று சாயங்காலம் கத்தரிக்கோல் தேடியபோது அது கையில் கிடைத்தது. இரண்டாம் பக்கம் ஒன்று இருக்கிறது, அக்கா. நம் கடனின் ஐந்து வருடக் கெடு நவம்பர் இரண்டாம் தேதி முடிகிறதாம். மீதியைக் கட்டி முடிக்க நினைப்பவர்கள் அக்டோபர் முதல் தேதிக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டுமாம். தெரிவிக்காவிட்டால் கடன் தானாகவே இன்னும் மூன்று வருடத்துக்கு நீளும். வட்டி நூற்றுக்கு இருபதே முக்கால். நடுவில் முடித்தால் ஆறு மாத வட்டி அபராதம். மூன்று முறை படித்தேன். பிறகு அகராதியை வைத்துக்கொண்டு நான்காம் முறை.

உனக்குத் தெரிந்திருக்காது. இந்த நவம்பரில் கடனை முழுக்க முடிக்கப் போகிறார்கள். இருபத்தைந்து வருடம் புதுப்பித்துப் புதுப்பித்துக் கட்ட வேண்டிய கடன், ஐந்தே வருடத்தில்! மிச்சம் எட்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு டாலர். அப்பா இருபத்தொன்பதாம் தேதி அதை எடுத்துக்கொண்டு வருகிறார். அதற்கு மேல் ஒரு டாலர் கிடையாது. நாம் நிலவறையில் இருந்துகொண்டு வாடகைக்கு விட்ட மேல் வீட்டில் குடியிருப்பவர்களை மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லியாயிற்று. அம்மா மேல் வீட்டு ஜன்னல்களுக்கு மஞ்சள் துணி எடுத்துவிட்டாள். "அஞ்சு வருஷம் சொந்த வீட்டுக்கு அடியிலயே குடியிருந்தோம், இனிமே மாடிதான்" என்று மீன்கடையில் வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். இனி வாடகையும் வராது, கடனும் தீராது.

யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. உன் விலாசம் அம்மாவின் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. பதிலை ஜுல்மீரா வீட்டு விலாசத்துக்கு அனுப்பு. தொலைபேசியில் கூப்பிட்டுவிடாதே, அம்மா எடுத்தால் நான் தொலைந்தேன்.

உன் தங்கை,
ஒடீலியா


வினிபெக்
14 அக்டோபர் 1981

அடி கழுதை,

இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம், அதுவும் வங்கியைப் பற்றி. நீ நம் வீட்டுப் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

முதலில் என் வழக்கைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை எழுத வராது. பதினேழு வயதிலிருந்து மூன்று வருடம், கையுறைத் தொழிற்சாலையில் வாங்கிய சம்பளக் கவரைப் பிரிக்காமல் வெள்ளிக்கிழமைதோறும் மேஜையில் வைத்தேன். நம் தெருவில் நம்மைப் போல் நாடு விட்டு வந்த எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் வைத்தார்கள், நான் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு கவரைப் பிரித்தேன். கல்லூரி விண்ணப்பத்துக்கு நாற்பது டாலர். மிச்சத்தை அப்படியே வைத்தேன். அதற்கு அவர் என்ன சொன்னார்? "பிரிச்ச கவரோட இந்த வீட்டுக்குள்ள வராத." நீ தலையாட்டினாய். அப்போது உனக்குப் பதினொரு வயது, மன்னிக்கிறேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதை மன்னிக்க இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

சரி. சொல்லிவிட்டேன். இப்போது உன் விஷயம்.

போர்வையை எடு, மூச்சு முட்டப்போகிறது. நீ செய்தது தப்புதான், ஆனால் ஊரில் நீ ஒருத்தி மட்டும் செய்த தப்பு இல்லை. எனக்குப் பத்து வயதில் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் ஏதோ நீளமாகச் சொன்னார், ஒரு வார்த்தையும் புரியவில்லை. "சூப் குடிக்கச் சொல்றார்மா" என்றேன். அம்மா மூன்று வாரம் சூப் குடித்தாள். வலி போய்விட்டது. இன்றுவரை அந்த டாக்டரைப் போல் உண்டா என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

நன்றாகக் கேள். வங்கி இப்போது அனுப்பிய கடிதத்தை விடு. 1976இல் அப்பா கையெழுத்துப் போட்ட கடன் பத்திரம் இருக்கிறது. நம் ஞானஸ்நான மெழுகுவத்திகளை வைத்திருக்கும் தகரப் பெட்டியில் பார். நான்காம் பக்கம், இடது ஓரம். நீல மையில் கையால் எழுதிய வரி ஒன்று இருக்க வேண்டும். இருந்தால் ஒரு எழுத்து விடாமல் எனக்கு எழுதி அனுப்பு. என் நினைவை மட்டும் நம்பி உன்னை வங்கிக்கு அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை.

சாப்பிடு.

லுபேலியா

ஜெபப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் வைத்திருந்தாள்?


டொரான்டோ
19 அக்டோபர் 1981, இரவு

அக்கா,

இருக்கிறது! இருக்கிறது! இருக்கிறது!

ஆனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தகரப் பெட்டி ஒயின் பீப்பாய்களுக்குப் பின்னால் இருந்தது. இழுத்தபோது மூடி கழன்று, மெழுகுவத்திகள் நாலு பக்கமும் உருண்டன. நான் தரையில் படுத்து பீப்பாய்க்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். அப்போது இரண்டு கால்கள் வந்து நின்றன. அம்மா. அன்றைக்குக் கட்டடத்தில் தண்ணீர் வரவில்லையாம், சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள்.

"என்னடி பண்ற இந்த நேரத்துல?"

நான் அழுதுவிட்டேன். பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், எல்லாம் உண்மையாகவே வந்துவிட்டது. இரண்டாம் பக்கம், ஸ்கேட்டிங், நீ, எல்லாம். அம்மா கோட்டோடு அப்படியே பீப்பாய் மேல் உட்கார்ந்தாள். அடி விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவ கடுதாசி போட்டாளா?" என்றாள்.

"ஆமாம்மா."

"எங்க?"

காலுறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தாள். "இந்த வளைச்சு வளைச்சுப் போடறது அவதான்" என்றாள். பிறகு, "படி" என்றாள். படித்தேன். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டதை நீ எழுதியிருந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். "ஏன் நிறுத்தின? அதையும் படி." படித்தேன். "சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றாள். டாக்டர் கதை வந்தபோது கோபம் வரும் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். "திருட்டுக் கழுதை! மூணு வாரம்டி! காலையில, மதியம், ராத்திரி!"

அப்புறம் இருவரும் தரையில் உட்கார்ந்து பத்திரத்தை விரித்தோம். நான்காம் பக்கத்தின் ஓரத்தில் இருப்பது இது: "கடன் வாங்குபவர் எந்தத் தொகையையும், முழுவதையும்கூட, எந்த நாளிலும், முன்னறிவிப்பும் அபராதமும் இல்லாமல் செலுத்தலாம். புதுப்பித்தாலும் இது பொருந்தும்." கீழே மூன்று சுருக்கக் கையெழுத்துகள். ஒன்று அப்பாவுடையது. ஒன்று யாரோ ஆங்கிலக்காரருடையது. மூன்றாவது வளைத்து வளைத்துப் போட்டது.

அக்கா, நீ எப்படி அதில் வந்தாய்?

அம்மாவிடம், எதற்கு இந்தப் பழைய காகிதத்தையெல்லாம் இத்தனை பத்திரமாக வைத்திருந்தாய் என்று கேட்டேன். "ராத்திரி ராத்திரி அவனுங்க குப்பைத் தொட்டியக் கொட்டறது நான்தானே. எவ்ளோ காகிதத்தத் தூக்கிப் போடுவானுங்க தெரியுமா? அவனுங்ககிட்ட இருக்காது. நம்மகிட்ட இருக்கணும்" என்றாள்.

அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்கிறாள். "பாதை வேலையில கவனம் சிதறக் கூடாது. வந்ததும் நீயே உன் வாயால சொல்லு." 

ஜெபப் புத்தகத்தில் நீ படகுப் படம் போட்ட, பயணம் போகிறவர்களுக்கான ஜெபத்தில் இருந்தாய். அந்தப் பக்கம் மட்டும் அழுக்காக இருக்கிறது.

ஒடீலியா


வினிபெக்
23 அக்டோபர் 1981

ஒடீலியா,

உன் கடிதத்தைப் பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன்.

நான் எப்படி வந்தேன் என்று கேட்டாயே. 1976, நான் பள்ளியில் கடைசி வருடம். அப்பா கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனார். வழியெல்லாம் ஒரே பாட்டு: "நீ ஒண்ணும் பேசாத. அவரு சொல்றத எனக்குச் சொல்லு. கடைசியில தேங்க்ஸ் சொல்லு. அது போதும்." மேனேஜர் வயதானவர், பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார். எங்கள் வணிகப் பாட டீச்சர் ஒருத்தி, "கையெழுத்துப் போடும் முன் கடனை முடிக்கும் விதியைப் படியுங்கள்" என்று தினமும் கத்துவாள். படித்தேன். ஒவ்வொரு முறை தவணைக்கு மேல் அதிகம் கட்டும்போதும் அபராதம் என்று இருந்தது. நம் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாதா? சிகரெட்டைக்கூட நிறுத்திவிட்டுக் கடனைக் கட்டுகிற ஆள். அவருக்கு அபராதமா?

அப்பா, "தேங்க்ஸ் சொல்லிட்டியா?" என்றார். நான் மேனேஜரிடம், "அபராதத்தை எடுத்துவிட்டால் என் அப்பா இங்கே கையெழுத்துப் போடுவார், இல்லாவிட்டால் எதிர்த்த வங்கிக்குப் போவோம்" என்றேன். அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "இதைக் கேட்பது அப்பாவா, நீயா?" என்றார். "ஒரே வீடுதான் சார்" என்றேன். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டிக்கொண்டிருந்தார், நான் நன்றி சொல்கிறேன் என்ற நினைப்பில். மேனேஜர் பத்திரத்தைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு ஓரத்தில் எழுதினார். "பேரம் பேசியவளும் சுருக்கக் கையெழுத்துப் போட வேண்டும்" என்று பேனாவை என்னிடம் நீட்டினார்.

அதனால்தான் ஒவ்வொரு நவம்பரிலும் அப்பா பணத்தை மொத்தமாகக் கொண்டுபோய்க் கட்ட முடிந்தது. எல்லா வங்கியிலும் அப்படித்தான் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் சொல்லவில்லை. தன் மகள் ஒரு பெரிய மனிதரிடம் எதிர்த்துப் பேசினாள் என்று தெரிந்தால் அந்தக் கோட்டுக்குள்ளேயே சுருங்கிப்போயிருப்பார். அப்புறம் கவர் சண்டை வந்தபோது சொல்லியிருக்கலாம். சொல்லிக் காட்டுவதுபோல் இருக்கும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் அவர் பிடிவாதம்தான்.

நீ அவரோடு வங்கிக்குப் போ. புது மேனேஜர் முடியாது என்றுதான் ஆரம்பிப்பான். நான்காம் பக்கத்தைக் காட்டு. மரியாதையாகச் சிரிக்காதே, பற்களைக் கடித்துக்கொள்.

லுபேலியா


டொரான்டோ
1 நவம்பர் 1981, ஞாயிறு

அக்கா, என் அருமை அக்கா,

முடிந்தது. நம் வீடு நம்முடையது.

அப்பா வியாழன் சாயங்காலம் வந்தார். தாடியும் முதுகுவலியுமாக. சூப் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு ரொட்டி தின்று முடிக்கட்டும் என்று. பிறகு அவர் தூங்கிவிட்டார்.

ஆகவே வெள்ளிக்கிழமை வங்கியில்தான் சொல்ல வேண்டி வந்தது. அதே கல்யாணக் கோட்டு. அந்த மேனேஜர் சின்ன வயசுக்காரன், முகத்தில் பரு. கெடு தாண்டிவிட்டது, முன்னறிவிப்பு வரவில்லை, வருந்துகிறோம் என்றான். அப்பா என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்றான்?"

"நான் தப்பா படிச்சிட்டேங்கறான்பா" என்றேன். அவன் அப்படிச் சொல்லவில்லை, அது எனக்கு மட்டும் கேட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. கோட்டுப் பைக்குள் பணத்தைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நான் உடனே பத்திரத்தை எடுத்து, நான்காம் பக்கத்தைப் பிரித்து, மேஜையில் வைத்து, விரலை அந்த வரியில் ஊன்றினேன். பற்களைக் கடித்துக்கொண்டேன். மேனேஜர் படித்தான். திரும்பப் படித்தான். எடுத்துக்கொண்டு உள்ளே போனான். இருபது நிமிடம். வெளியே வந்து, எட்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு டாலர் என்றான். அபராதம் இல்லை, நீட்டிப்பும் இல்லை! அப்பா எண்ணினார், அவன் எண்ணினான், நானும் எண்ணினேன்.

தெருவில் வந்துதான் கேட்டார்: "அது யாரு எழுத்து?"

சொன்னேன். பைப், எதிர்த்த வங்கி, "ஒரே வீடுதான் சார்", எல்லாம். அப்பா நடைபாதையிலேயே நின்றுவிட்டார். ஜனங்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். "அவ இத எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அக்கா. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்று பூசை முடிந்து வந்ததும், "பேனாவை எடு" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒன்றையும் விடவில்லை.

"எழுது. 'என் மகளுக்கு.' இல்ல, வேண்டாம். 'லுபேலியாவுக்கு.' எதை எழுதின?"

"ரெண்டையும்."

"சரி, விடு. 'நாங்க சௌக்கியம். இந்த வருஷம் நான் இல்லாமலே உங்கம்மா ரெண்டு பீப்பா ஒயின் போட்டுட்டா.'"

அம்மா அடுப்படியிலிருந்து: "இதச் சொல்லவா அவளுக்குக் கடுதாசி?"

"சும்மா இரு நத்தேர்சியா. கடுதாசின்னா மொதல்ல பொதுவா நாலு வார்த்தை இருக்கணும். எழுது. 'அந்தப் பையன் உள்ள போனப்ப எனக்குக் கால் ரெண்டும் ஆடிச்சு.' கால் ஆடினத எழுதாத."

எழுதிவிட்டேன்.

"'அன்னிக்கு உன்ன தேங்க்ஸ் மட்டும் சொல்லச் சொன்னேன். நீ கேக்கல. நல்லவேளை.' அப்புறம்... 'கவர் விஷயம்.'"

இங்கே அப்பா ஜன்னலுக்குப் போய்விட்டு வந்தார். நம் ஜன்னலில் தெரிவது தெருவில் போகிறவர்களின் கால்கள்தானே, அவற்றை எண்ணிக்கொண்டு நின்றார்.

"'கவர் விஷயம் தப்பு'ன்னு எழுது."

"யாரோட தப்புன்னு எழுதணுமாப்பா?"

"கேள்வி கேக்காம எழுதுடி."

அம்மா: "யாரோடதுன்னு எழுது, ஒடீலியா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா இந்த முறை அடுப்புப் பக்கம் திரும்பவில்லை. கரண்டியோடு நேராக நின்றாள்.

"என்னோடது. எழுது. என்னோடது. போதுமா?" என்றார். பிறகு, "அவ வருவாளான்னு கேளு. வினிபெக் ரயில் நான் போட்ட பாதையிலதான் வரும். கெட்டியா இருக்கு, ஆடாதுன்னு எழுது" என்றார்.

இவ்வளவுதான். இனி நான். வா அக்கா.

ஒடீலியா


வினிபெக்
6 நவம்பர் 1981

ஒடீலியா,

நான் காலையில் வேலை பார்க்கும் பேக்கரியில் இதைப் படித்தேன். முதலாளியம்மா, "யார் செத்துட்டாங்க?" என்று ஓடிவந்தாள். "யாரும் இல்ல, எங்க வீட்டுக் கடன் தீர்ந்துபோச்சு" என்றேன். அவளும் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து அழுதாள். அவளுக்கு இன்னும் பதினாறு வருடம் இருக்கிறதாம்.

டிசம்பர் பதினெட்டில் தேர்வு முடிகிறது. அன்று இரவே கிளம்பினால் இருபதாம் தேதி அங்கே இருப்பேன். ஆனால் ஒன்று. கல்லூரிக் கட்டணம் போக என்னிடம் டிக்கெட்டுக்குத்தான் பணம் இருக்கிறது. கவரும் கிடையாது, பரிசும் கிடையாது. கையை வீசிக்கொண்டுதான் அந்த வீட்டுக்குள் வருவேன். அது பரவாயில்லையா என்று அப்பாவிடம் கேள். சுற்றி வளைக்காமல் கேள். அவர் சொன்னதை மாற்றாமல் எழுது. நீ இனிப்புத் தடவினால் எனக்குத் தெரிந்துவிடும்.

லுபேலியா


டொரான்டோ
11 நவம்பர் 1981

அக்கா,

இதைப் பட்டப்பகலில், மேல் வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெயில் காகிதத்தின் மேலேயே விழுகிறது. கண் கூசுகிறது.

நீ கேட்டதைக் கேட்டேன். அப்பா அப்போது படிக்கட்டில் குந்தியிருந்து அகலத்தை அளந்துகொண்டிருந்தார். பெரிய துணி அலமாரியை மேலே கொண்டுபோக வேண்டும். "அக்கா கைய வீசிக்கிட்டுத்தான் வருவாளாம். பரவாயில்லையான்னு கேக்கறா" என்றேன்.

அளவு நாடாவைச் சுருட்டிவிட்டு, மெதுவாகச் சொன்னார். மாற்றாமல் எழுதுகிறேன்: "அவ ரெண்டு கையும் காலியா இருந்தாத்தான் நல்லது. இந்த அலமாரிய நாலு பேர் தூக்கணும். நாம மூணு பேர்தானே இருக்கோம்."

நேற்று ஜுல்மீராவின் அப்பா இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு உதவிக்கு வந்தார். அப்பா ஆளுக்கு ஒரு டம்ளர் ஒயின் கொடுத்து, "வேண்டாம்பா, ஆள் வருது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அதனால் இப்போது நாங்கள் மேலே, எங்கள் துணியெல்லாம் கீழே. தினமும் காலையில் மூன்று பேரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு படியில் முட்டி மோதி இறங்குகிறோம். அம்மா திட்டுகிறாள், அப்பா சிரிக்கிறார். சீக்கிரம் வா, குளிர ஆரம்பித்துவிட்டது.

ஒடீலியா